பம்ப் ஓடினாலும் தாவாத பிஎச் மீட்டர்: சாயப்பட்டறைக்கு ஏற்ற பவர் சப்ளை

பம்ப் நிற்கும்போது பிஎச் மீட்டர் 10.9 என்று அசையாமல் காட்டும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் டிரைவ் ஓடத் தொடங்கியதும் 10.6, 11.2 என்று தாவும். வீரபாண்டி, அருள்புரம் வட்டாரச் சாயப்பட்டறைகளில் மீட்டர் போர்டைப் பார்ப்பவர்கள் இந்தக் கோளாறுக்கு முதலில் எலக்ட்ரோடை மாற்றுவார்கள். பல நேரம் குற்றவாளி அதுவல்ல, போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர்.

இதைச் சின்னத் தொல்லை என்று விட முடியாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க, 60 டிகிரி சூட்டில் சோடா ஆஷ் போட்டு பிஎச்சை 11-க்கு அருகே கொண்டுபோக வேண்டும். பயோ வாஷுக்கு அசிட்டிக் விட்டு 4.5-க்கும் 5.5-க்கும் இடையே இறக்க வேண்டும். அளவு தப்பினால் ஷேடு தப்பும். சாயக் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சுத்திகரிப்பு நிலையங்களிலும் இந்தக் கருவியின் பொறுப்பு கூடிவிட்டது.

கண்ணாடி எலக்ட்ரோடு 25 டிகிரியில் ஒரு பிஎச் மாற்றத்துக்குத் தருவது சுமார் 59 மில்லிவோல்ட். அதன் உள் மின்தடையோ பல கோடி ஓம். இவ்வளவு மெல்லிய சிக்னலுக்குள் இரைச்சல் நுழைய பெரிய வழி தேவையில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை. மீட்டர் போர்டை அடாப்டரிலிருந்து கழற்றி, 9 வோல்ட் பேட்டரியும் ஒரு 7805-ம் வைத்து 5 வோல்ட் கொடுத்து, பம்பை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பிஎல்சிக்குப் போகும் வயரையும் அப்போது கழற்றிவிட வேண்டும். எண் அசையாமல் நின்றால் புது சப்ளை கட்டலாம். அப்போதும் தாவினால் கேபிளையும் எலக்ட்ரோடையும்தான் பார்க்க வேண்டும்.

செல்போன் சார்ஜர் வகை அடாப்டருக்குள் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் குறுக்கே ஒரு ஒய் கெப்பாசிட்டர் இருக்கும். அது 2.2 நானோஃபாரட் என்றால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.16 மில்லிஆம்பியர் கசியும். டிரைவ் கிளப்பும் அதிவேக இரைச்சலுக்கு அது திறந்த கதவு. அதனால் பழைய இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மரே இங்கே சரியான தேர்வு. அதிலும் பிரைமரியும் செகண்டரியும் தனித்தனி அறையில் சுற்றப்பட்ட ஸ்ப்ளிட் பாபின் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு சுற்றுக்கும் இடையே 100 பிக்கோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது 50 ஹெர்ட்ஸுக்கு 3 கோடி ஓமுக்கு மேல் தடை. 100 கிலோஹெர்ட்ஸுக்கோ வெறும் 16 கிலோஓம். இந்தக் கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சொல்லிச் சுற்ற வைப்பதானால், நடுவே ஒரு செம்புத் தகட்டு ஷீல்டு போடச் சொல்லி, அதை எர்த்தில் இணைக்கலாம். தகட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும்.

இனி சர்க்யூட். 230-க்கு 9 வோல்ட், 3 விஏ டிரான்ஸ்ஃபார்மர், பிரைமரியில் ஃபியூஸ், செகண்டரியில் பிரிட்ஜ், பிறகு 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர். 50 மில்லிஆம்பியர் லோடில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது எழுதியிருப்பதைவிட நன்றாகவே கூடுதலாகக் கொடுக்கும் என்பதால் 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது.

ரெகுலேட்டருக்கு எல்எம்317. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 120 ஓம், அட்ஜஸ்டிலிருந்து நெகட்டிவுக்கு 360 ஓம் போட்டால் 5 வோல்ட் வரும். பலரும் போடும் 240 ஓமை விட்டு 120 போடுவதற்குக் காரணம், லோடே இல்லாதபோதும் அந்த ஐசிக்குத் தேவையான 10 மில்லிஆம்பியர் ஓடும் என்பது. அட்ஜஸ்ட் காலிலிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபாரட் வைத்தால் ரிப்பிள் இன்னும் அடங்கும். கூடவே பாதுகாப்புக்கு அட்ஜஸ்ட் காலுக்கும் அவுட்புட்டுக்கும் இடையே, அவுட்புட் பக்கம் கேத்தோடு இருக்கும்படி ஒரு டயோடு வேண்டும். 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் கொண்ட எல்டி3042 போன்ற ஐசிகளும் உண்டு. இந்த வேலைக்கு அவை தேவையில்லை. எல்எம்317-இன் இரைச்சல் 5 வோல்ட்டில் சுமார் 150 மைக்ரோவோல்ட், 0.01 பிஎச் என்பதே 590 மைக்ரோவோல்ட். ஐசிக்குச் செலவிடும் பணத்தை டிரான்ஸ்ஃபார்மரில் போடுவதே புத்திசாலித்தனம்.

இரும்புப் பெட்டி எர்த்தில் இருக்க, வெளியே வரும் நெகட்டிவ் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும். கட்டி முடித்ததும், மீட்டர் போர்டை இணைக்காமல், 500 வோல்ட் மெக்கரால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே சோதிக்க வேண்டும். முள் இன்ஃபினிட்டிக்குப் போகாவிட்டால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அடுத்து 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை லோடாக வைத்து ஸ்கோப்பில் பார்க்கலாம். அளவு சுத்தமாக வரும் என்று ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது.

மீட்டரின் பிஎன்சி சாக்கெட்டை ஷார்ட் செய்தால் 7.00 அருகே காட்ட வேண்டும். பம்பை ஓடவிட்டு அந்த எண் நிற்கிறதா என்று பார்த்த பிறகே எலக்ட்ரோடை மாட்ட வேண்டும்.

மீட்டரிலிருந்து 4–20 மில்லிஆம்பியர் வயர் பிஎல்சிக்குப் போகிறதென்றால், அதன் நடுவே ஒரு சிக்னல் ஐசொலேட்டர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கவிட்ட நெகட்டிவ் அந்த வயர் வழியாகவே பேனலின் எர்த்தோடு சேர்ந்துவிடும். பம்ப் ஓடத் தொடங்கியதும் எண் மறுபடி தாவும்.