மரத்தால் எழுந்த நகரம்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில், ஜீலம் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியுள்ள தொன்மையான நகரம் ஸ்ரீநகர். சுற்றுலாவாக வருவோருள் பலர் தால் ஏரியில் சிகாராப் படகேறி, 1619இல் ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். பழைய நகரின் குறுகிய தெருக்களில் நடந்தவரே ஸ்ரீநகரைக் கண்டவராவர்.

அங்குள்ள ஜாமியா மசூதி, சுல்தான் சிக்கந்தர் காலத்தில் 1394இல் தொடங்கப்பெற்று 1402இல் நிறைவுற்றது. நாம் எதிர்பார்க்கும் குவிமாடம் இதற்கில்லை. கூம்பிய கூரைகளே உள்ளன. உள்ளே முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட தேவதாருத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டவை. 1479, 1620, 1674 ஆகிய ஆண்டுகளில் இம்மசூதி தீக்கிரையானது. மூன்றாம் முறை இதனைப் புதுப்பித்தவர் ஔரங்கசீப். கல்லால் கட்டியிருக்கலாகாதா என்னும் வினா எழுவது இயல்பே. நூர்ஜஹான் எழுப்பிய கல் மசூதி ஆற்றின் மறுகரையில் இன்றும் உள்ளது. ஆயினும் இங்கு மீண்டும் தேவதாருவையே நாடினர். காடு அருகில் இருந்தது. நிலமோ அவ்வப்போது நடுங்கியது.

பழைய வீடுகளிலும் இவ்வறிவைக் காணலாம். செங்கற்சுவர்களின் இடையே மரச்சட்டங்கள் ஓடுகின்றன. நிலம் அதிரும்போது சுவர் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், எளிதில் சரியாது. இத்தகைய வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்து வருகின்றன.