நீரிழிவும் நெஞ்சின் மின்சாரமும்

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, மூன்று விரல்களை வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து விநாடி வெளியே விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது தளர்வதையும் உணரலாம். இந்த ஏற்றத்தாழ்வு உடல்நலத்தின் அறிகுறியே. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்கள் பலரிடம் இது மங்கிவிடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

இதயம் தனக்கு வேண்டிய மின்துடிப்பைத் தானே உண்டாக்குகிறது. வலது மேலறைச் சுவரில் உள்ள 'சைனஸ் கணு' என்னும் சிறு திசுவே அதன் தொடக்கம். 1907இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் இதைக் கண்டறிந்தனர். ஓய்விலுள்ள இதயத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உட்புறம் நேர்மின்னழுத்தம் பெறுகிறது. அது அடுத்த செல்லைத் தூண்டுகிறது. பின்பு பொட்டாசியம் அயனிகள் வெளியேற, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இளையரசனேந்தல், கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சியைச் சொன்னால் எளிதில் விளங்கும். மருந்துத் தலைகள் ஒன்றையொன்று தொடுமாறு குச்சிகளை வரிசையாக அடுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். (எண்ணினால் போதும், கொளுத்த வேண்டாம்!) முதல் தலை பற்றினால் நெருப்பு கடைசிவரை ஓடும். எரிந்த குச்சி மறுபடி எரியாது. இதயச் செல்லோ, ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் மீண்டும் 'மருந்து பூசிக்கொண்டு' தயாராகிவிடும்.

இனி நீரிழிவுக்கு வருவோம். சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்திற்கு 100 முறை அளவில் துடிக்கும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்புதான், மாட்டின் மூக்கணாங்கயிறு போல, அதை 70 அளவிற்கு இழுத்துப் பிடிக்கிறது. மூச்சை வெளியே விடும்போது பிடி இறுகுகிறது; உள்ளே இழுக்கும்போது தளர்கிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நரம்புகள் பழுதடைகின்றன. பெரும்பாலும் நீண்ட நரம்புகளே முதலில் கெடும். மூளை நரம்புகளுள் நீளமானது வேகஸ். கயிறு தளர்ந்ததும், சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே நாடி 90, 100 என்று ஓடுகிறது. மாற்றிப் பொருத்தப்பட்ட, நரம்புத் தொடர்பு அறுந்த இதயமும் ஏறக்குறைய இப்படித்தான் துடிக்கிறது என்பது இதற்கு அழகான சான்று.

எடின்பரோவில் யூவிங் முதலியோர் இதையே ஒரு சோதனையாக்கினர். நிமிடத்திற்கு ஆறு மூச்சு வீதம் விடச்செய்து இ.சி.ஜி. எடுக்கவேண்டும். துடிப்பு வீதத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் வேறுபாடு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நலம்; 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் நரம்புப் பழுது என்று ஐயுறலாம். வயது ஏற ஏற இவ்வேறுபாடு இயல்பாகவும் குறையும் என்பதை மறக்கலாகாது. இ.சி.ஜி. கருவியும் நம் இயற்பியலின் கொடைதான்: காந்தப்புலத்தில் மின்னோட்டம் பாயும் இழை விலகும் என்ற விதியைக்கொண்டு ஐன்தோவன் அதை அமைத்தார், 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

தசையும் தப்புவதில்லை. செல்களுக்கிடையே நார்த்திசு மிகுந்தால், அது வரிசையின் நடுவே நனைந்த குச்சியைச் செருகியது போலாகும். மின்னலை தாமதப்படும், சுற்றுவழி தேடும். சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்தாலும் ஆபத்துண்டு. இன்சுலினும் அட்ரினலினும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவதால், இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. செல் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்ப்பது இதனால்தான் கூடாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என மதிப்பிட்டது. உங்கள் வீட்டுத் தாத்தாவோ அத்தையோ அவர்களுள் ஒருவராக இருக்கலாம். வலியைச் சொல்லும் நரம்புகளும் பழுதாவதால், மாரடைப்பே அவர்களுக்கு வலியின்றி வரக்கூடும். காரணமின்றித் திடீரென வியர்த்து, மூச்சுத் திணறி, சோர்ந்து விழுந்தால், "நெஞ்சு வலிக்கவில்லையே" என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். நீரிழிவு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவர் முதலில் எடுக்கச் சொல்பவற்றுள் இ.சி.ஜி.யும் சர்க்கரை அளவும் இருக்கும்.