பயிற்சி முறியும் ராஜிநாமாவும்

நமது அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் தறியையும் வயலையும் விட்டு உத்தியோகம் நாடிச் செல்கின்றனர். சேர்ந்தவுடன் நிறுவனமே தன் செலவில் பயிற்சி அளிக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு தொகை தருவதாக முறியும் எழுதி வாங்குகிறது. தகுதிகாண் காலத்திலேயே விலக நேர்ந்தால் அத்தொகை முழுவதும் கொடுக்க வேண்டுமா?

விருப்பமில்லாதவரை வேலையில் இருத்தி வைக்க நீதிமன்றம் கட்டளையிடாது. வழக்கு பணத்தைப் பற்றியதே. ஆயினும், தகுதிகாண் காலம் என்ற ஒரே காரணத்தால் முறி செல்லாததாகிவிடாது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இதற்கு அளவுகோல். முறியில் குறித்த தொகை மேல்வரம்பே. அதற்கு மேற்படாமல் நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும். டில்லி உயர்நீதிமன்றத்தில் 2011இல் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். மூன்றாண்டுகள் பணிபுரிவதாக 2 லட்சம் ரூபாய்க்கு முறி எழுதியவர், இரண்டாண்டுகளில் விலகினார். பயிற்சிச் செலவாகக் கணக்கிடப்பட்டது ரூ. 67,596. மூன்றில் இரண்டு பங்குக் காலம் உழைத்துவிட்டதால், அவர் தர வேண்டியது ரூ. 22,532 எனத் தீர்ப்பாயிற்று. நோட்டீஸ் கண்டதும் நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கட்டிவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா முறிகளும் ஒன்றென எண்ணலாகாது. விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுகளுக்குள் விலகிய மேலாளர் 2 லட்சம் தர வேண்டும் என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி பகிரங்க விளம்பரம் செய்தே மீண்டும் ஆளெடுக்க வேண்டியிருப்பதையும், அவர் பதவியையும் ஊதியத்தையும் அது கருதிற்று.

ஆகவே கையெழுத்திடுமுன் முறியின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குக. விலகும்போது முன்னறிவிப்பு நாட்களைத் தவறாது கடைப்பிடித்து, பயிற்சிச் செலவின் விவரத்தை எழுத்து மூலம் கோருக.

நாமும் சங்கத்தின் வழியே முதலாளிகள்தாம் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர்! எழுத்தரைப் பயிற்சிக்கு அனுப்பும்போது பெருந்தொகை எழுதி அச்சுறுத்துவது முறையன்று. செலவு 12,000 ரூபாயும் பணிக்காலம் ஓராண்டும் ஆனால், உழைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் ஆயிரம் கழியும் என்றே எழுதலாம். நான்கு மாதம் முடித்து விலகுபவர் 8,000 செலுத்தினால் போதும்.