அரசின்றி வாழ இயலுமா?

போகபூமிக் காலத்தில் அரசனும் இல்லை, தண்டனையும் இல்லை. கற்பக மரங்கள் வேண்டியதை அளித்தமையால் பிறர் பொருளை விரும்புவாரும் இலர். அம்மரங்கள் குறையவே பூசல் தோன்றிற்று. ஐந்தாம் மனுவாகிய சீமங்கரர் அவற்றுக்கு எல்லை வகுத்தார். குற்றம் புரிந்தோரை முதல் ஐந்து மனுக்கள் ‘ஹா’ என்றும், அடுத்த ஐவர் ‘ஹா, மா’ என்றும், எஞ்சியோர் ‘ஹா, மா, திக்’ என்றும் கடிந்தே திருத்தினர் என்கிறது ஆதிபுராணம். ‘அந்தோ’, ‘செய்யற்க’, ‘சீ’ என்பன அவற்றின் பொருள். சிறையும் உடல் தண்டனையும் பரத சக்கரவர்த்தி காலத்தில் வந்தன. நாணம் குன்றக் குன்றத் தண்டம் வளர்ந்தது.

இதற்குக் கண்கூடான சான்று நாட்றம்பள்ளிக்கு அண்மையில் ஓடும் பாலாறு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஒருவர் அடங்கினும் பிறர் அடங்காவிடின் நீர் தூய்மையாகாது. எனவே 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க நேர்ந்தது.

ஆகவே அரசற்ற சமுதாயம் இயலாததன்று. ஆயின் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை அனைவரும் ஏற்றாலன்றி அது நிலைபெறாது. தன் பொருளுக்குத் தானே வரம்பிட்டுக்கொள்ளும் சாவகனை ஆள அரசுக்கு வேலை குறைவு. அரசு வேண்டுமா என வாதிடுமுன், ‘ஹா’ என்னும் ஒரு சொல்லுக்கு நாணும் நெஞ்சம் நமக்கு உண்டா என வினவிக்கொள்வோமாக.