இடக்கையும் கிட்டாரும்: நாற்பதுக்குமேல் காதில் விழுபவை

நாற்பத்தைந்து வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் கற்கப்போவதாகச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இடக்கைப் பழக்கமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கை: வலக்கைக் கிட்டாரையே கம்பி மாற்றிப் போட்டு வாசிக்கலாம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசிக்கவில்லையா?

உண்மை: வாசித்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டார். கற்றுக்குட்டி அதைச் செய்தால் முதல் வாரமே வெறுத்துப்போகும். கழுத்தின் முனையில் ‘நட்’ என்ற சிறு துண்டு இருக்கும். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் அதன் பருமனுக்கேற்ற வெட்டு. இடம் மாறிய தடிக்கம்பி, மெல்லிய கம்பிக்கான வெட்டுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். அழுத்தினால் விரல் கடுக்கும். மெல்லிய கம்பியோ அகன்ற வெட்டுக்குள் ஆடி ஜிர்ரென்று இரையும். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் சரிசெய்த நீளமும் கலைந்து சுருதி பிசகும். மேலே வந்துவிட்ட வால்யூம் குமிழில் கை பட்டுப் பட்டுச் சத்தம் ஏறி இறங்கும். நட்டை மாற்றி செட்டப் செய்து தரும் ஆள் கிடைத்தால் இவற்றில் பலதும் தீரும்.

நடுவயதுக்காரரைப் படுத்துவது வேறொன்று. 3, 5, 7, 9, 12ஆம் ஃப்ரெட்களை (கழுத்தின் குறுக்கே பதித்த பட்டைகள்) காட்டக் கழுத்தின் விளிம்பில் சிறு புள்ளிகள் உண்டு. வாசிப்பவர் குனிந்து பார்த்தால் தெரிவதற்கென்றே வைத்தவை. திருப்பிப் பிடித்த கிட்டாரில் அவை தரையைப் பார்க்கும். வெள்ளெழுத்து வந்தவருக்குத்தான் அந்தப் புள்ளிகளின் அருமை தெரியும்.

ஆல்பர்ட் கிங் கம்பியைக்கூட மாற்றாமல் அப்படியே திருப்பி வாசித்தார். கம்பியைக் கீழ்நோக்கி இழுத்து வளைத்த அந்த ஒலி அவருக்கே உரியது. அந்த வழியில் போகிறவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் கைகொடுக்காது.

நம்பிக்கை: ஃப்ரெட்டை அழுத்துவதுதான் கஷ்டமான வேலை. அது இடது கையின் வேலை என்பதால் இடக்கைக்காரருக்கு வலக்கைக் கிட்டாரே வசதி.

உண்மை: பாதி சரி. மார்க் நாஃப்லரும் கேரி மூரும் இடக்கைக்காரர்கள். வாசித்தது வலக்கைக் கிட்டார். ஆனால் தாளம் மீட்டும் கையில்தான் இருக்கிறது. கிட்டார் வாங்குமுன், பிடித்த பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வெறுங்கையில் வாசிப்பதுபோல் பாவனை செய்யுங்கள். யோசிக்காமல் எந்தக் கை மீட்டப் போகிறதோ அதுவே உங்கள் கை. இரண்டும் சமமாகத் தோன்றினால் வலக்கைக் கிட்டார் வாங்குங்கள். கடைச் சுவரில் தொங்குபவை பெரும்பாலும் அவைதான். இடது கைதான் போகிறது என்றால் பிடிவாதமாக இடக்கை மாடலையே கேளுங்கள். காத்திருக்க நேரலாம், நிறமும் கேட்டது கிடைக்காது. பரவாயில்லை. நம் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் கையை மாற்றிக்கொள்ளவில்லை, மேடையில் உட்காரும் பக்கம்தான் மாறியது.

நம்பிக்கை: வாத்தியார் வலக்கைக்காரர் என்றால் கற்க முடியாது.

உண்மை: எதிரே உட்காருங்கள்; கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். மற்ற மாணவர்களுக்கு இல்லாத வசதி இது. எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் குறிக்கும் ‘டேப்’ முறையில் எழுதிய பாடத்தை அப்படியே படிக்கலாம். கார்ட் படங்களை மட்டும் இடவலமாகத் திருப்ப வேண்டும்.

நம்பிக்கை: முதலில் அக்கூஸ்டிக், பிறகுதான் எலெக்ட்ரிக்.

உண்மை: அக்கூஸ்டிக்கின் முதல் கம்பியின் பருமன் பெரும்பாலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10. விரலுக்கு எது இதம் என்று சொல்லத் தேவையில்லை. ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வீட்டுக்கும் இதம்.

நம்பிக்கை: இந்த வயதில் விரல் வளையாது.

உண்மை: இதை மறுக்கப் பலரும் எலிசபெத் காட்டனை இழுப்பார்கள். அறுபதைத் தாண்டி, 1958இல்தான் அந்த இடக்கைக் கலைஞரின் முதல் இசைத்தட்டு வந்தது. ஆனால் அவர் வாசிக்கக் கற்றது சிறுவயதில். இடையில் பல்லாண்டு விட்டிருந்தார். அதனால் சரியான சாட்சி கேரி மார்கஸ். நாற்பதை நெருங்கும் வயதில் முதன்முறை கிட்டார் எடுத்த இந்த உளவியலாளர், அந்த அனுபவத்தையும் ஆய்வுகளையும் வைத்து 2012இல் ‘கிட்டார் ஸீரோ’ எழுதினார். சிறுவயதைத் தாண்டினால் கதவு மூடிவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. விரலைப் பற்றிக் கேட்டால் கிட்டார் கலைஞர் டோனி அயோமிதான் சாட்சி. 17 வயதில் பிர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அதே கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மெல்லிய கம்பிகளைக் கட்டிக்கொண்டார்.

விரல்நுனி வலி சில வாரங்களில் தோல் காய்த்ததும் போய்விடும். மணிக்கட்டிலோ மூட்டிலோ வலித்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தோள்பட்டி நீளத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.