இந்த மாதப் பாடம்: அத்தை வீட்டில் இரண்டு நாள்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, பதிவேடு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு பாடம் பார்க்கிறோம். இந்த மாதம் கொஞ்சம் மாறுதலாக ஒன்று. நம்ம அண்ணன் பெண், தங்கச்சி பெண் ஆகியோரை ஒரு சனி, ஞாயிறு நம்மோடு வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பது எப்படி என்பதுதான் பாடம். "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். குழுக் கூட்டத்தில் எழுத்து தெரிந்த ஒருவர் வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். பிறகு எல்லோரும் பேசுங்கள்.

1. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நம்ம பகுதி முழுக்க தோல் தொழிலும் ஷூ கம்பெனியும்தான். நம் உறுப்பினர்கள் பலர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். ஞாயிறு ஒரு நாள் லீவு. ஆறு நாள் சேர்ந்த துணி, ரேஷன், மாவு அரைப்பது, வீடு கழுவுவது எல்லாம் அந்த ஒரு நாளில்தான். அம்மா தனியாக எல்லாம் செய்ய முடியுமா? கூடமாட ஒத்தாசைக்கு வருவது வீட்டுப் பெண் பிள்ளை.

பையன் காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான். அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே வீட்டில் 12 வயதுப் பெண் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள். ஆக, ஞாயிறு அவளுக்கு லீவு இல்லை.

பயிற்சி: ஒரு தாளில் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை வரிசையாக எழுதுங்கள். ஒரு பக்கம் பையன், இன்னொரு பக்கம் பெண். போன ஞாயிறு எந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நிரப்புங்கள். விளையாடிய நேரம் யாருக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். நாங்கள் ஊர் ஊராகப் போய் இதைச் செய்யும்போது, தாளைப் பார்த்து அம்மாக்களே "அட, ஆமாம்" என்று சொல்கிறார்கள்.

2. அத்தையால் என்ன முடியும்?

அம்மா கண்டிக்க வேண்டியவள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. டீச்சரிடம் பயம். இந்த மூன்று பேருக்கும் நடுவில் இருப்பவர் அத்தை, சித்தி, பெரியம்மா. உருது பேசும் வீடுகளில் காலா, பூப்பி. இவர்கள் பெரியவர்களும்தான், தோழியும்தான்.

நம் மொழியையே பாருங்கள். அக்கா தங்கை பெண்ணுக்கு நமக்குத் தனி வார்த்தையே கிடையாது. அவளும் "மகள்"தான். அண்ணன் தம்பி பெண் "மருமகள்". உறவிலேயே அவ்வளவு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நல்லதுக்குப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு உறுப்பினர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அண்ணனுக்கு இரண்டு பெண்கள், 13 வயது, 10 வயது. பரீட்சை முடிந்த ஒரு சனிக்கிழமை இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அன்று மாலை மருதாணி அரைத்து வைத்துக்கொண்டார்கள். ராத்திரிக்கு மூன்று பேரும் சேர்ந்து பரோட்டா போட்டார்கள். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் பஸ் ஏறி வேலூர் கோட்டைக்குப் போனார்கள். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் ஞாயிறு ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது பெரியவள் மெதுவாகச் சொன்னாளாம்: "அத்தை, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகலை." ஏன் என்று அத்தை அதட்டவில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் பைக்கில் இரண்டு பேர் தினமும் பின்னாலேயே வருகிறார்கள். வீட்டில் சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளை நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அத்தை மறுநாளே அண்ணனிடம் பக்குவமாகப் பேசினார். "தப்பு அவள் மேல் இல்லை, பள்ளியை நிறுத்தினால் தண்டனை அவளுக்குத்தான்" என்று புரிய வைத்தார். தலைமையாசிரியரைப் பார்த்தார். அந்தத் தெருவில் இருந்து போகும் ஆறு பெண் பிள்ளைகளும் சேர்ந்து போக ஏற்பாடு செய்தார். குழுவில் சொல்லி, முறை வைத்து ஒரு உறுப்பினர் கூடவே நடந்தார். சில நாட்களில் அந்த பைக் வரவில்லை. பெண் தொடர்ந்து படிக்கிறாள்.

சகோதரிகளே, "உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு" என்று உட்கார வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. சிரித்து, சாப்பிட்டு, சுற்றி வந்து, மனசு லேசான பிறகுதான் சொல்லும். அந்த இரண்டு நாள் வெறும் ஜாலி மட்டும் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

3. வேலூரில் ஒரு அத்தை

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நம் எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவில் இருந்து வந்த மிஷன் டாக்டர். குடும்பம் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். அப்போது இளம்பெண்ணாக இருந்த ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார்.

அவருடைய மாணவிகள் அவரை "ஆன்ட் ஐடா", அதாவது ஐடா அத்தை என்றே அழைத்தார்கள். சொந்த அண்ணன் வழி மருமகள் ஒருவருக்கும் ஐடா ஸ்கடர் என்றுதான் பெயர். அவரும் டாக்டராகி, அத்தை இருந்த வேலூருக்கே வந்து, எக்ஸ்ரே மற்றும் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பல வருடங்கள் உழைத்தார்.

நாம் எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் சொந்தக் காலில் நிற்கும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு, தானும் அப்படி நிற்கலாம் என்று தோன்றும். சம்பளம் வாங்குகிற, வங்கியில் கையெழுத்துப் போடுகிற, தனியாகப் பஸ் ஏறிப் போய் வருகிற அத்தையே அவளுக்கு ஒரு பாடம்.

4. எங்கே கூட்டிப் போகலாம்?

தூரம் போகத் தேவையில்லை. நம்ம பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

வேலூர் கோட்டை: விஜயநகர ஆட்சிக் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் கட்டியது. சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச், அரசு அருங்காட்சியகம் எல்லாம் இருக்கிறது. இங்கேதான் 1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரரை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1857 கலகத்துக்கு 51 வருடம் முன்பே! காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது என்று புது உத்தரவு. அதோடு தோலால் செய்த சின்னம் வைத்த புதுத் தொப்பி. தோலுக்குப் பேர்போன நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

ஏலகிரி மலை: மலை ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மேலே புங்கனூர் ஏரியில் படகு உண்டு.

காவலூர்: வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள பெரிய தொலைநோக்கி இங்கே 1986 முதல் இருக்கிறது. பொதுமக்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். திரும்புவதற்கு வண்டி ஏற்பாடு இருந்தால் மட்டும் போகலாம்.

எங்கும் போக முடியவில்லையா? கவலை வேண்டாம். பரமபதம், பல்லாங்குழி, நொண்டி ஆடுங்கள். சீரக சம்பாவில் பிரியாணி, தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் செய்து சாப்பிடுங்கள். மிஷின் இருந்தால் ஒரு கைப்பை தைக்கச் சொல்லிக் கொடுங்கள். நாள் போவதே தெரியாது.

5. செலவுக்கு என்ன செய்வது?

ஊர் சுற்றக் கடன் வாங்கக் கூடாது. உள்கடனும் வேண்டாம், நகை அடகும் வேண்டாம். குழுச் சேமிப்பைத் தொடாமல் வாரம் 50 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். 24 வாரத்தில் 1,200 ரூபாய் சேரும். ஒரு அத்தை, இரண்டு பெண்கள் என்றால் இப்படித் திட்டம் போடலாம்:

பஸ் கட்டணம் – ரூ.240
சாப்பாடு – ரூ.450
நுழைவுச் சீட்டு, படகு – ரூ.200
தின்பண்டம் – ரூ.110
அவசரத்துக்குக் கையிருப்பு – ரூ.200
மொத்தம் – ரூ.1,200

உங்கள் ஊர் விலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் என்றால், பெண்களுக்கு 2021 மே முதல் வந்த கட்டணமில்லாப் பயணம் செல்லுபடியாகும் சாதாரண நகரப் பேருந்தில் போனால் இன்னும் மிச்சம். கணக்கு நோட்டைப் பெரிய பெண் கையில் கொடுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு மீதி என்று அவளே எழுதட்டும். நம் குழுவின் வரவு செலவு நோட்டு எப்படி எழுதுகிறோம் என்பதும் அவளுக்கு அப்போது புரியும்.

6. கவனிக்க வேண்டியவை

• பெற்றோரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பப் பாருங்கள்.
• பிள்ளை சட்டைப் பையில் அத்தை பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.
• தண்ணீர், மாற்றுத் துணி, வயது வந்த பெண் என்றால் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் என்பதற்காக அவளை வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.
• சிவப்பு கறுப்பு, படிப்பில் முதல், கடைசி என்று ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடாதீர்கள். இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுங்கள்.
• ஊர் சுற்றிய நாளில் வேலை வாங்காதீர்கள். "வந்ததுதான் வந்தே, இந்தப் பாத்திரத்தைக் கழுவிடு" என்றால் அது லீவு இல்லை.
• மிக முக்கியமானது: "நீ என் பையனுக்குத்தான்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். அண்ணன் பெண்ணைப் பார்த்தாலே நம்ம வாயில் இது வந்துவிடும். சொல்பவருக்கு அது கேலி. கேட்கிற 12 வயதுப் பிள்ளைக்கு, தன் வாழ்க்கையை யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். பிறகு அத்தையிடம் எதையும் மனம் திறந்து சொல்ல மாட்டாள். பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் திருமணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. பிள்ளை ஏதாவது சொன்னால்?

முழுசாகக் கேளுங்கள். நடுவில் திட்டாதீர்கள். "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று முதலில் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "உன்னைக் கேட்காமல் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன், உனக்கு உதவுகிறவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதே சரியான பதில்.

யாராவது தொட்டார்கள், தொந்தரவு செய்தார்கள் என்றால் மூடி மறைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். "பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போகச் சொல்கிறார்கள்" என்றால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்காக 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் பற்றிப் பள்ளியில் விசாரித்து, பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

8. குழுவில் கலந்து பேசுங்கள்

1. சின்ன வயதில் நம்மை எங்காவது கூட்டிப் போன அத்தை, சித்தி யார்? அவரிடம் இருந்து நாம் கற்றது என்ன?
2. நம் குழு உறுப்பினர் வீடுகளில் 10 முதல் 15 வயது வரை எத்தனை பெண்கள்? அவர்களில் எத்தனை பேர் கடந்த ஒரு வருடத்தில் ஊரைத் தாண்டிப் போனார்கள்?
3. கூடப் பிறந்த அண்ணன் அக்கா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் அத்தையாக இருக்கலாம்?
4. வரும் விடுமுறையில் இரண்டு மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியுமா? தேதி என்ன? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

நினைவில் வைக்க: பெண் பிள்ளைக்கும் ஞாயிறு உண்டு. அவள் சிரிக்க ஒரு நாள் கொடுத்தால், அவள் பேச ஒரு ஆள் கிடைக்கும். அந்த ஆள் நாமாக இருப்போம்.