குரூட்டுக்குள் எக்ஸ் சர்வர் எழ மறுத்தால்

குரூட் மாற்றுவது ரூட் அடைவை மட்டும்தான். கெர்னலும் கிராபிக்ஸ் கார்டும் ஹோஸ்ட்டுடையவையே. அதனால் டெபியன் குரூட்டுக்குள் எக்ஸ்ஆர்க் ஓடாவிட்டால் கான்ஃபிக் ஃபைலில் கை வைக்காதீர்கள். ஹோஸ்ட்டில் உள்ள ஏதோ ஒன்று உள்ளே தெரியவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

தொடங்கும் முன் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஹோஸ்ட்டுக்குள் லாகின் செய்து வையுங்கள். திரை உறைந்துபோனால் அது கைகொடுக்கும்.

அடுத்து லாக். ரூட்டாக ஓட்டினால் அது குரூட்டின் வார் அடைவுக்குள் உள்ள லாக் அடைவில் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘இ’ உள்ள வரிகளே பிழைகள். கடைசிப் பிழையைவிட முதல் பிழைதான் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும்.

டிடிஒய் திறக்கவில்லை, ஸ்கிரீன் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால் டெவ், புராக், சிஸ் மூன்றும் உள்ளே மவுண்ட் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். டெவ்வுக்கு வெறும் பைண்ட் போதாது. அதனடியில் தனி மவுண்ட்டாக இருக்கும் எஸ்ஹெச்எம்மும் பிடிஎஸ்ஸும் வராது. ஆர்பைண்ட் செய்து, உடனே ஆர்ஸ்லேவ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே அன்மவுண்ட் செய்வது ஹோஸ்ட்டையும் பாதிக்கலாம்.

பலரை அலைக்கழிப்பது வேறொன்று: டெஸ்க்டாப் அழகாக வந்து நிற்கும், மவுஸ் நகராது, கீபோர்டும் வேலை செய்யாது. டிரைவரில் குறை இருக்காது. எது கீபோர்டு, எது மவுஸ் என்ற விவரத்தை எக்ஸ்ஆர்க் யூடெவ் தகவல்தளத்திலிருந்துதான் எடுக்கிறது. அது ஹோஸ்ட்டின் ரன் அடைவுக்குள் உள்ள யூடெவ் அடைவில் இருக்கிறது. அந்த யூடெவ் அடைவையும் பைண்ட் செய்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

ஹோஸ்ட்டிலும் எக்ஸ் ஓடுகிறதென்றால் டிஸ்ப்ளே எண் மோதும். குரூட்டின் டெம்ப் அடைவு தனி என்பதால் ஹோஸ்ட்டின் எக்ஸ் வைத்திருக்கும் பூட்டு ஃபைல் உள்ளே ஓடும் சர்வருக்குத் தெரியாது. டிஸ்ப்ளே 1, விடி 8 என்று நீங்களே குறிப்பிட்டுத் தொடங்குங்கள்.

சாதாரணப் பயனராக ஓட்டும்போது அனுமதி மறுக்கப்பட்டால் குழு எண்ணைப் பாருங்கள். டெபியனில் வீடியோ குழு 44. ஹோஸ்ட் வேறு டிஸ்ட்ரோ என்றால் எண் மாறலாம். கெர்னல் பார்ப்பது பெயரை அல்ல, எண்ணை. என்விடியா டிரைவர் என்றால் ஹோஸ்ட்டின் மாட்யூலும் குரூட்டின் லைப்ரரியும் ஒரே வெர்ஷனாக இருந்தே தீரவேண்டும்.

குரூட்டை அழிக்கும் முன் எல்லா மவுண்ட்டையும் கழற்றி, மவுண்ட் பட்டியலை ஒருமுறை பாருங்கள். டெவ் ஒட்டியிருக்கும்போதே அடைவை நீக்கினால் ஹோஸ்ட்டின் டெவ்வும் சேர்ந்து போகும்.